பானெட்டுக்கு எந்தப் பூட்டு?

எல்லாம் மாமாவோட ஒரு போன் கால்ல ஆரம்பிச்சது.

"மாப்ள, நெட்ல எல்லாம் இருக்குன்னு சொல்லுவேல்ல. அந்தக் காலத்துப் பெரிய காருக்கெல்லாம் பானெட் பூட்டு எப்படி இருந்துச்சுன்னு பாத்துச் சொல்லு. இல்லன்னா நான் பாட்டுக்கு ஒரு கொண்டிய அடிச்சு, திண்டுக்கல் பூட்டப் போட்டு விட்டுருவேன்."

மாமாவுக்கு விருதுநகர்ல முப்பத்தஞ்சு வருஷமா மோட்டார் பட்டறை. அம்பாஸிடர்ல ஆரம்பிச்சு இப்ப பொலேரோ வரைக்கும் கை வைக்காத வண்டி கிடையாது. செட்டிநாட்டுப் பக்கத்துல ஒரு வீட்டுக் கொட்டகைல ரொம்ப வருஷமா தூங்கிக்கிட்டு இருந்த ஒரு அமெரிக்க டூரர் காரை லாரில ஏத்திக் கொண்டு வந்து அவர்கிட்ட விட்டிருக்காங்க. 1920களோட கடைசில செஞ்சது. பேரன் கல்யாணத்துக்கு ஓடணுமாம். இன்ஜின், பிரேக்கு, வயரிங்னு எல்லாத்தையும் மாமா ஒப்பேத்திட்டார். கடைசில மாட்டிக்கிட்டது பானெட். நாலு கொக்கியில ஒண்ணுதான் மிச்சம், மத்த மூணு இடத்துலயும் கட்டுக் கம்பி.

நான் பொட்டி தட்டுறவன். மெக்கானிக்கல் படிச்சிட்டு சாஃப்ட்வேருக்கு ஓடி வந்த லட்சக்கணக்கான பேர்ல ஒருத்தன். அந்தக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, மாமா கேட்டதும் அந்த வாரம் ஆபீஸ் ஆணியையெல்லாம் ஓரங்கட்டிட்டு பானெட் பூட்டோட வரலாறைத் தோண்ட ஆரம்பிச்சிட்டேன். தோண்டினதும், அதுல நான் வாங்கின குட்டும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

பானெட்டே இல்லாத காலம்

1886ல கார்ல் பென்ஸ் பண்ணின மூணு சக்கர வண்டில இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி திறந்தவெளில உக்காந்திருக்கும். மூடியே இல்லை, அப்புறம் பூட்டு எதுக்கு? 1891 வாக்குல பிரான்ஸ்ல பனார் லெவாஸோர் கம்பெனி இன்ஜினைத் தூக்கி முன்னாடி வெச்சாங்க. முன்னாடி வெச்சதும் தூசி, மழை, தெருவுல போற நாய் எல்லாத்துலருந்தும் காப்பாத்த ஒரு பெட்டி தேவைப்பட்டுச்சு. அந்தப் பெட்டிதான் பானெட். அமெரிக்காக்காரன் அதையே ஹூட்ம்பான்.

நம்ம பக்கம் கதை கிட்டத்தட்ட உடனே தொடங்கிருச்சு. சென்னைல 1840லயே குதிரை வண்டி கட்டுற கம்பெனியா ஆரம்பிச்ச சிம்சன்ல, சாமுவேல் ஜான் கிரீன்ங்கிறவர் 1903ல நீராவில ஓடுற காரை இங்கயே செஞ்சு மெட்ராஸ் தெருவுல ஓட்டிக் காட்டினார். எக்மோர் மியூசிய வளாகத்துல இருக்கே விக்டோரியா மெமோரியல் ஹால், அதைக் கட்டின கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார் பிரெஞ்சு டி டியான் கார் வாங்கினார். நம்பர் எம்.சி. 3. மெட்ராஸ்ல கார் வாங்கின முதல் இந்தியர்னு அவரைத்தான் சொல்றாங்க. நம்ம தெக்கத்திப் பக்கம் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911ல கம்பெனி தொடங்கி, அடுத்த வருஷமே பஸ் விட ஆரம்பிச்சிட்டார். விருதுநகர் அப்ப விருதுநகரே இல்லை, விருதுபட்டி. பேர் மாறினது 1923ல.

இந்தக் காலத்துப் பானெட்டைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் பூட்டு புரியும். இப்ப மாதிரி ஒரே தகடு இல்லை. நடு முதுகுல நீளமா ஒரு கீல். ரெண்டு பக்கமும் இன்னும் ஒவ்வொரு கீல். ஆக மூணு கீல், நாலு தகடு. ஒரு பக்கத்தைத் தூக்கி மடிச்சா வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி மேல நிக்கும். பக்கத் தகட்டுல சூடு வெளிய போக வரிசையா வெட்டு இருக்கும். முன் பக்கம் ரேடியேட்டர் மேலயும், பின் பக்கம் டேஷ்போர்டுக்கு முன்னால இருக்கிற சுவர் மேலயும் இந்தத் தகடு சும்மா உக்காந்திருக்கும், அவ்வளவுதான். அதைக் கீழ இழுத்துப் பிடிக்கிற வேலைதான் கொக்கிக்கு.

ஒரு சின்ன இன்ஜினியரிங் மேட்டர். அந்தக் காலத்து சேஸிஸ் ஏணி மாதிரி. பள்ளத்துல ஒரு சக்கரம் இறங்கினா மொத்த ஏணியும் முறுக்கும். ரேடியேட்டர் ஒரு பக்கம் சாயும், பின் சுவர் இன்னொரு பக்கம் சாயும். நடுவுல மாட்டின பானெட்டுக்கு மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல மாட்டின மாப்பிள்ளை நிலைமை. விறைப்பா போல்ட் போட்டு இறுக்கினா தகடு கிழியும், லூசா விட்டா கடகடன்னு கத்தும். அதனால பூட்டுக்குள்ள ஸ்பிரிங் இருந்தே ஆகணும். தகடு உக்கார்ற விளிம்புல தடிமனான நாடா ஒண்ணையும் கோத்திருப்பாங்க, பெயின்ட் உரசாம இருக்க. இந்த நாடாவை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி என் மானத்தை வாங்கப் போறது இதுதான்.

பூட்டு எதுக்கு?

எனக்கு முதல்ல வந்த சந்தேகம் இது. கொக்கி சரி, பறக்காம இருக்க. ஆனா சாவி போட்டுப் பூட்டுற அளவுக்கு பானெட்டுக்குள்ள என்ன தங்கமா இருக்கு?

இருந்துச்சுங்க. மேக்னெட்டோ இருந்துச்சு.

1902ல பாஷ் கம்பெனில ஹோனோல்ட்ங்கிற இன்ஜினியர் உயர் அழுத்த மேக்னெட்டோவைக் கொண்டு வந்தார். பேட்டரியே வேண்டாம். இன்ஜின் சுத்தச் சுத்த அதுவே கரென்ட் தயார் பண்ணி பிளக்குக்கு அனுப்பும். நல்ல கார் எல்லாம் அதுக்கு மாறிருச்சு. இப்ப யோசிங்க, தானா கரென்ட் தயாரிக்கிற ஒரு சாமானை எப்படி ஆஃப் பண்றது? அதுலருந்து ஒரு வயரை இழுத்து டேஷ்போர்டு சுவிட்ச் வழியா எர்த் பண்ணிருவாங்க. சுவிட்சை ஆஃப்ல வெச்சா கரென்ட் எல்லாம் பிளக்குக்குப் போகாம பாடிக்குப் போயிரும், இன்ஜின் நின்னுரும்.

அதாவது நம்ம வீட்டு சுவிட்சுக்கு நேர் எதிர். வீட்ல வயரை அறுத்தா விளக்கு அணையும். இங்க வயரை அறுத்தா இக்னிஷன் எப்பவும் ஆன்! திருடனுக்கு சாவியே வேண்டாம். பானெட்டைத் தூக்கி அந்த ஒத்த வயரைக் கழட்டிட்டு, முன்னாடி வந்து ஹேண்டிலைச் சுத்தினா வண்டி கிளம்பிரும். அந்தக் கார்கள் முக்காவாசி திறந்த டூரர். கதவைப் பூட்டி என்ன பிரயோஜனம்? சுவிட்சைப் பூட்டியும் பிரயோஜனம் இல்லை. ஆக, மேக்னெட்டோ காருக்கு உண்மையான இக்னிஷன் பூட்டு பானெட் பூட்டுதான்! இதைப் படிச்சப்போ நாற்காலிலருந்து எந்திரிச்சிட்டேன். நம்ம மென்பொருள்ல முன் வாசலுக்கு மூணு பாஸ்வேர்டு போட்டுட்டு சர்வர் ரூமைத் திறந்து போட்டா எப்படியோ, அப்படி.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. பானெட்டைப் பூட்டி வெச்சுட்டு நிம்மதியா இருக்க முடியாது. காலைல குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பணும்னா பானெட்டைத் திறந்து, கார்புரேட்டர் மேல இருக்கிற குமிழை அமுக்கி பெட்ரோலை வழிய விடணும். எண்ணெய் பார்க்கணும். பிளக்கைக் கழட்டித் துடைக்கணும். அங்கங்க கிரீஸ் கப்பை ஒரு சுத்து சுத்தணும். டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பானெட் திறப்பார்னு கணக்கே இல்லை. ஆக இறுக்கமா இருக்கணும், சீக்கிரம் திறக்கணும், கத்தக்கூடாது, திருடனுக்குத் திறக்கக்கூடாது, பணக்காரர் வண்டிங்கிறதால பார்க்க அழகாவும் இருக்கணும். இந்த அஞ்சுல எதுக்கு முதல் மரியாதைங்கிறதுலதான் பூட்டோட ரகம் முடிவாகும்.

ரகம் ரகமா

1) தோல் வார். பானெட்டைச் சுத்தி பெல்ட் போடுறது. பந்தயக் கார்ல இதுதான் ராஜா. 1923ல லே மான் பந்தயம் தொடங்கி, அடுத்த வருஷமே பென்ட்லி ஜெயிச்சது இல்லையா, அந்தக் கார் படங்கள்ல பானெட் மேல பட்டை பட்டையா தெரியுமே, அதான். எவ்வளவு அதிர்ந்தாலும் கழறாது, தோல் தானா இழுபடும், ஸ்பிரிங்கே வேண்டாம். ஆனா நம்ம வெயில்ல தோல் காய்ஞ்சு வெடிக்கும், மழைல ஊறி நீளும், அடில தூசி மாட்டி பெயின்ட்டை உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்க்கும். திருடனுக்கோ கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, யார் வேணா வரலாம்.

2) ஸ்பிரிங் கொக்கி. பக்கத்துக்கு ரெண்டா மொத்தம் நாலு. கீழ இருக்கிற ஸ்பிரிங்கை எதிர்த்து மேல இழுத்து, தகட்டு விளிம்புல இருக்கிற பிடியில மாட்டணும். 1908லருந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கு மேல செஞ்சாங்களே ஃபோர்டு மாடல் டி, அதுல இந்த ஜாதிதான். மலிவு, எளிசு, சேஸிஸ் முறுக்கினா ஸ்பிரிங் விட்டுக் கொடுக்கும். பாதுகாப்பு பூஜ்யம்.

3) திருகு கைப்பிடி. உயர் ரகக் கார்கள் இங்கதான் வித்தியாசப்படுது. வெளிய ஒரு அழகான கைப்பிடி. கால் சுத்து திருப்பினா உள்ள ஒரு நாக்கு சுழண்டு சேஸிஸ் பக்கம் இருக்கிற பிடிக்குள்ள ஏறும். நாக்கோட முகம் சரிவா இருக்கிறதால திருப்பத் திருப்பத் தகடு கீழ இழுபடும். இது குதிரை வண்டிக் கதவு செஞ்ச கைங்க பண்ணின வேலை. பணக்காரக் கார் வாங்குறவர் சேஸிஸ், இன்ஜின், ரேடியேட்டரை ஒரு கம்பெனிகிட்ட வாங்குவார், பாடியை கோச் கட்டுறவங்ககிட்ட கொடுத்துக் கட்டுவார். பானெட் சரியா அந்த எல்லைக் கோட்டுல இருக்கு. முன் விளிம்பு இன்ஜின்காரனோடது, பின் விளிம்பு கோச்காரனோடது.

4) சாவி போடுற கைப்பிடி. மூணாவது ரகத்துலயே கைப்பிடியை எடுத்துட்டு சதுரத் துளை வெச்சு, தனிச் சாவியால திருப்புற மாதிரி. ரயில்ல கார்டு ஒரு டி வடிவச் சாவி வெச்சிருப்பாரே, அதே தத்துவம். பெருசா ரகசியம் ஒண்ணும் இல்லை, சதுரக் கம்பி கிடைச்சா எவனும் திறக்கலாம். ஆனா தெருவுல போற சாதாரண ஆளுக்குத் திறக்காது.

5) நடுக் கைப்பிடி. பக்கத்துக்கு ஒரே கைப்பிடி நடுவுல. திருப்பினா உள்ள இருக்கிற கம்பி ரெண்டு கோடிலயும் தாழ் போடும், நம்ம ஊர் இரும்பு பீரோ கணக்கா. ஒரே இழுப்புல மொத்தப் பக்கமும் திறக்கும். ஆனா கம்பி கொஞ்சம் வளைஞ்சாலும் ஒரு கோடி பிடிக்காது, வெளிய இருந்து பார்த்தா தெரியவும் தெரியாது.

எது நல்லது? ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் மாதிரி ஏழு லிட்டர் இன்ஜின் வெச்சிருந்தாலும் பூனை மாதிரி ஓடுறதுதான் பெருமைங்கிற காருக்கு, கத்தாத பூட்டுதான் முதல் தேவை. கொக்கி கடகடன்னா மொத்த மானமும் போச்சு. முன்னாடி சார்லஸ் சைக்ஸ் செதுக்கின பறக்கும் பொம்மையை 1911லருந்து நிக்க வெச்சு என்ன புண்ணியம்? பந்தயக் காருக்கு வார். டவுன்ல நிறுத்திட்டுப் போற காருக்கு சாவி. கல் ரோட்டுல நூறு மைல் போற காருக்கு ஸ்பிரிங்.

பித்தளையும் சிவகாசியும்

உலோகமும் ஒரு கதை. 1910 வரைக்கும் கார் சாமான் எல்லாம் பித்தளை. வார்க்க எளிது, கடைய எளிது, துருப்பிடிக்காது. ஒரே குறை, தினமும் துலக்கணும். அதுக்குத் தனி ஆள் வெச்சிருந்தாங்க. அப்புறம் ஜெர்மன் சில்வர், நிக்கல் பூச்சு. 1920களோட கடைசில குரோமியம் வந்ததும் துலக்குற ஆளுக்கு வேலை போச்சு.

பித்தளைன்னதும் எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம் வந்துருச்சு. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைல போர்மேனா இருந்தவர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்ததுலருந்து எங்க பக்கத்துல எல்லாக் குடும்பத்துலயும் யாராவது ஒருத்தர் நெருப்போட சம்பந்தப்பட்டிருப்பாங்க. மருந்து அறைக்குள்ள இரும்பு சாமான் கூடாது. இரும்பு உரசினா பொறி வரும். அதனால கருவி எல்லாம் பித்தளை, அலுமினியம், மரம். சின்ன வயசுல பெரியப்பா வீட்ல தொங்கின பித்தளைச் சுத்தியலைப் பார்த்து ஏதோ சாமி சாமான்னு நினைச்சிருக்கேன் :-)

கார்ல பித்தளை போட்டது பொறிக்குப் பயந்து இல்லை, வேலை எளிதுன்னு. ஆனா அதனால எங்களுக்கு ஒரு நல்லது நடந்துச்சு. பித்தளை வார்க்கத் தெரிஞ்ச ஆள் சிவகாசில இருந்தார். அதைச் சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ணின கூத்தைச் சொல்லிடறேன்.

கூத்து

மாமாகிட்ட கறாரா சொன்னேன். "மாமா, கொண்டி அடிச்சிராதீங்க. துளை போட்டா போட்டதுதான், திரும்ப வராது. கம்பெனில என்ன இருந்துச்சோ அதே மாடல் கொக்கிய நான் வரவழைக்கிறேன்." வாட்ஸப்புல அளவு வாங்கினேன். அதாவது மாமாவை ஸ்கேல் வெச்சுப் பிடிக்கச் சொல்லி படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பழைய கார் சாமான் விக்கிற ஒரு வெளிநாட்டுக் கடைல நாலு கொக்கி. கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரத்துச் சொச்சம். மூணு வாரம் கழிச்சு பார்சல் வந்ததும் ஹீரோ மாதிரி பஸ் ஏறி ஊருக்குப் போனேன்.

மாட்டினோம். கச்சிதம். மாமா பையன் ஓட்ட, சாத்தூர் ரோட்டுல ஒரு ரவுண்டு. நாப்பது கிலோமீட்டர் வேகம் வந்திருக்காது, இடது பக்கத் தகடு டொம்முனு எந்திரிச்சு மடங்கிருச்சு. நல்லவேளை பக்கவாட்டுல திறக்கிற பானெட், கண்ணை மறைக்கலை. கீழ் விளிம்புல மட்டும் ஒரு நெளிசல்.

பட்டறைக்கு வந்ததும் மாமா ஒண்ணும் சொல்லலை. ஒரு டீ சொன்னார். அப்புறம் விளிம்புல விரலை வெச்சுக் காட்டினார். "மாப்ள, நீ அளவு கேட்டப்போ நாடா கோக்கல. இப்ப நாடா கோத்துருக்கு. கால் இஞ்சு ஒசந்துருச்சு. கொக்கி நுனிலதான் நிக்குது."

ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல, அந்த நாடா. நானே படிச்சு, நானே குறிப்பெடுத்த நாடா!

இதுல ஒரு பாடம் இருக்கு. இந்தக் காலத்துக் காரை நினைச்சுக்கிட்டு பழைய பானெட்டைப் பார்க்கக்கூடாது. 1930களோட பிற்பகுதிலருந்து முதலை வாய் மாதிரி பின்னாடி கீல் வெச்சு முன்னாடி திறக்கிற ஒத்தைப் பானெட் வந்துச்சு. எங்க ஊர் காமராஜர் வெச்சிருந்த எம்.டி.டி. 2727 செவர்லேவும், 1957லருந்து 2014 வரைக்கும் உத்தர்பாராவுல செஞ்ச அம்பாஸிடரும் இந்த முதலை ஜாதி. அதுல பூட்டு விட்டா காத்து வாய்க்குள்ள புகுந்து மொத்தத் தகடும் கண்ணாடில வந்து அறையும். அதனால அதுல முதல் பிடி விட்டாலும் தடுக்கிற ரெண்டாவது பிடி ஒண்ணு கட்டாயம். பழைய வண்ணத்துப்பூச்சிப் பானெட்ல ரெண்டாவது பிடி கிடையாது. நாலு கொக்கியும் சரியா இருந்தாத்தான் ஆச்சு.

நாலு துளை

நெளிஞ்ச தகட்டைத் தட்டி நிமுத்த மாமா பெயின்ட்டைச் சுரண்டினார். அடிக்கு அடி மூணு கலர். கடைசி அடில, வலது பக்கக் கீழ் விளிம்புல, ஈயம் வெச்சு அடைச்ச நாலு துளை தெரிஞ்சது. ரெண்டு ரெண்டா, கொண்டிக்கு ரிவிட் அடிச்ச மாதிரியே. பக்கத்துல சேஸிஸ் ஓரத்துலயும் நேர் கீழ ரெண்டு.

யாரோ மாமாவுக்கு முன்னாடியே கொண்டி அடிச்சிருக்காங்க.

"பாத்தியா, நான் சொன்னதத்தான் எவனோ அந்தக் காலத்துலயே பண்ணிருக்கான்" மாமாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்குப் புரியலை. இந்தக் கார்ல மேக்னெட்டோ கிடையாது, பேட்டரி காயில். 1912ல காடில்லாக் செல்ஃப் ஸ்டார்ட்டர் கொண்டு வந்த பிறகு அமெரிக்கக் கார்ல பாதி ரகசியம் டேஷ்போர்டுக்கு மாறிப் போச்சு. அப்புறம் எதுக்குக் கொண்டி?

மாமாதான் பானெட்டுக்குள்ள பின் சுவர்ல மாட்டியிருந்த உருளை டப்பாவைக் காட்டினார். அந்தக் காலத்துல கார்புரேட்டருக்கு பெட்ரோல் பம்ப்பு கிடையாது. இன்ஜின் உறிஞ்சுற காத்தை வெச்சே பின்னாடி டேங்க்லருந்து பெட்ரோலை இந்த டப்பாவுக்கு இழுத்து, அங்கருந்து தன் எடையில கீழ இறங்க விடுவாங்க. டப்பால எப்பவும் கொஞ்சம் பெட்ரோல் நிக்கும். அடில ஒரு திருகு. திருகினா கொட்டும்.

கார்காரங்க ஆச்சிக்கு போன் போட்டார். தொண்ணூறு வயசு இருக்கும், காது மட்டும் கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கர்ல போட்டுக் கத்திக் கேட்டோம்.

"கொண்டிதான? எங்க மாமனார் போட்டதுன்னு சொல்லுவாக. சண்டைக் காலத்துல பெட்ரோலுக்கு ரேசன். கூப்பன் கொடுத்துத்தான் வாங்கணும். ராத்திரில பானெட்டத் தூக்கி எவனோ பாட்டில்ல புடிச்சுட்டுப் போயிட்டான்னு, திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போட்டாகளாம். சாவிய இடுப்புலயே கட்டிக்கிருவாக. நான் கல்யாணமாகி வந்தப்பகூட அந்தச் சாவி இருந்துச்சு. மாங்காய் மாதிரி பூட்டு."

ரெண்டாம் உலகப் போர் காலத்துப் பெட்ரோல் பஞ்சம் நமக்கெல்லாம் பாடப் புத்தகத்துல ஒரு வரி. கரியை எரிச்சு அந்தப் புகையில பஸ்ஸை ஓட்டினாங்க, டி.வி.எஸ். அதுக்கு கேஸ் பிளான்ட்டே செஞ்சாங்கன்னு நானும் எங்கயோ படிச்சிருக்கேன். அந்தப் பஞ்சம் இந்தத் தகட்டுல நாலு துளையா உக்காந்திருக்கும்னு நினைக்கலை.

நான் ரெண்டு மாசமா "கம்பெனில எப்படி இருந்துச்சோ அப்படி"ன்னு ஜபிச்சுக்கிட்டு இருந்தேன். கம்பெனி இந்தக் காரை ஒரே ஒரு நாள்தான் பார்த்துச்சு, தொழிற்சாலையை விட்டு வெளிய அனுப்பின அன்னிக்கு. மிச்ச தொண்ணூறு சொச்சம் வருஷமும் இந்தக் கார் நம்ம ஊர்லதான் இருந்திருக்கு. அந்த வருஷங்களை அழிச்சுட்டு அந்த ஒரு நாளை மட்டும் வரலாறுன்னு சொல்ல நான் யாரு?

கடைசில என்ன பண்ணினோம்

கல்யாண வீட்டுப் பசங்களுக்குக் கொண்டி பிடிக்கலை. "போட்டோல அசிங்கமா இருக்கும் அங்கிள், துளைய அடைச்சு பெயின்ட் அடிச்சிருங்க"ன்னாங்க. மாமா வழக்கமா கஸ்டமர் சொன்னா தலையாட்டுற ஆளு. இந்தத் தடவை ஆட்டலை. "ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் தம்பி" அவ்வளவுதான். கேட்டார். ஆச்சி போடச் சொல்லிட்டாக.

கொக்கிக்கு, மிச்சம் இருந்த பழைய ஒத்தைக் கொக்கியை எடுத்துக்கிட்டு சிவகாசி போனோம். அச்சாபீஸ் மெஷின் பாகமும் பட்டாசு ஆலைச் சாமானும் வார்த்துக் கடைஞ்சு கொடுக்கிற சின்னப் பட்டறை. அவர் கொக்கியைக் கையில உருட்டிப் பார்த்துட்டு, "இதையே அச்சு வெச்சா ஊத்துனது சுருங்கி வருமே சார். நூத்துக்கு ஒன்றரை போகும். மெழுகு தடவி கொஞ்சம் பெருசாக்கித்தான் வெக்கணும்"னார். காலேஜ்ல மூணாவது செமஸ்டர்ல படிச்சு, பரீட்சை எழுதி, மறந்து போன பாடம். நாடாவோட தடிமனையும் சேர்த்து அளவு சொன்னோம். இந்தத் தடவை நான் ஸ்கேலைத் தொடலை, மாமாதான் பிடிச்சார் :-)

மூணு கொக்கி, நிக்கல் பூச்சோட, நான் வெளிநாட்டுல கொட்டினதுல கால்வாசிகூட ஆகலை. ஊத்தின மண் வாசனை போகறதுக்குள்ள கைல வாங்கிட்டு வந்தோம்.

பூட்டுக்கு திண்டுக்கல் போனேன். 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச பூட்டு. ஆனா கையால நெம்புகோல் ராவி ராவிப் பூட்டு செய்யற ஆளுங்க வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. மாங்காய் பூட்டு ஒண்ணு வாங்கினேன். உள்ள இருக்கிற ஒவ்வொரு நெம்புகோலும் சரியான உயரத்துக்கு எந்திரிச்சாத்தான் தாழ் நகரும். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் நகராது. 1778ல இங்கிலாந்துல பேரன் பண்ணின தத்துவம், நம்ம ஊர் ஆசாரி கையில. அந்தக் காலத்து மாடல் டி சுவிட்சுக்கு வந்ததே விரல் விட்டு எண்ணுற அளவு சாவி ரகங்கள்தான், பக்கத்து வீட்டுக்காரன் சாவி உங்க காருக்கும் சேரும். அதோட ஒப்பிட்டா ஆச்சியோட மாமனார் ரொம்ப விவரமான தேர்வுதான் பண்ணிருக்கார்.

பழைய துளைலயே கொண்டியை மாட்டினோம். புதுசா ஒரு துளைகூடப் போடலை.

கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு கார் கிளம்பினப்போ நானும் மாமாவும் ஓரமா நின்னோம். ஒரு கடகடப்பு இல்லை. ஆச்சி நாற்காலியப் பக்கத்துல போடச் சொல்லி, பூட்டைத் தொட்டுப் பார்த்தாக. அப்புறம் கையை நீட்டினாக. மாமா சாவியை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கி இடுப்புல செருகிக்கிட்டாக.

"சாவி உங்ககிட்ட இருந்தா எண்ணெய் பாக்கணும்னா என்ன பண்றது ஆச்சி?"ன்னு டிரைவர் கேட்டார்.

"வந்து கேளு"ன்னாக.

டிஸ்கி: நெளிசல் விழுந்த இடத்துல இன்னமும் கைய வெச்சா லேசா தெரியும். மாமா அதை முழுசா நிமுத்தலை. ஏன்னு கேட்டதுக்கு "அதுவும் இருந்துட்டுப் போகட்டும் மாப்ள"ன்னுட்டார். என்னைக் குத்திக் காட்டத்தான்னு நினைக்கிறேன். பதினெட்டாயிரம் ரூபாய்க் கொக்கி நாலும் என் மேஜை டிராயர்ல இருக்கு. யாருக்காவது நாடா இல்லாத பானெட் இருந்தா சொல்லுங்க.